கிச்சாப்பின் மூச்சை எண்ணிய பாக்கியம் அக்கா

காலை பத்து மணிக்குக் கைப்பேசி ஒலித்தது. திரையில் பாக்கியம் அக்காவின் பெயர். அது எங்கள் வழக்கமான நேரம். அவர் சுங்கை ஊடாங்கில் உள்ள மகள் வீட்டுக்குப் போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது. ஒன்பது நாளும் பத்து மணிக்கு அழைத்தார். நலமா என்றெல்லாம் அவர் தொடங்குவதில்லை, எனவே நானும் எடுத்தவுடன் எண்ணைச் சொல்லிவிடுவேன். அன்றும் அப்படித்தான் சொன்னேன்.

“இருபத்தாறு, அக்கா.”

எப்போதும் அடுத்த நொடியே, “தோளு?” என்று கேட்பார். அன்று கேட்கவில்லை. யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் வந்தது.

“டீச்சர், நான் செல்வி பேசுறேன். அம்மா போயிட்டாங்க டீச்சர்.”

என் மடியில் அக்காவின் கறுப்புப் பூனை தூங்கிக்கொண்டிருந்தது. நான் அசைந்தால் அது விழித்துக்கொள்ளும் என்பதால் எழவில்லை. அப்படியே உட்கார்ந்து செல்வி சொன்னதைக் கேட்டேன். காலையில் எழுந்து எல்லாருக்கும் கோப்பி கலக்கி வைத்திருக்கிறார். பேரனுக்கு ரொட்டியில் காயா என்ற தேங்காய்ப்பால் ஜாம் தடவிக் கொடுத்திருக்கிறார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தவர் எழவே இல்லை. நெஞ்சுதான் என்று மருத்துவமனையில் சொன்னார்களாம்.

இதைப் படிக்கும் உங்களில் பலர் பாக்கியம் அக்காவின் கையால் சாப்பிட்டவர்கள். எங்கள் தமிழ்ப்பள்ளியின் சிற்றுண்டிச் சாலையை அவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் நடத்தினார். நான் அதே பள்ளியில் படிநிலை ஒன்று, அதாவது முதல் மூன்று ஆண்டு மாணவர்களுக்கு வகுப்பெடுத்தேன். நாங்கள் பாடம் நடத்திய பிள்ளைகள் எங்களை மறந்திருக்கலாம். அவருடைய மஞ்சள் சோற்றையும் பயற்றங் கஞ்சியையும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். “அக்கா, இன்னைக்கு சம்பல் ஒறைக்குதுலா” என்று ஆறாம் ஆண்டுப் பையன்கள் கத்துவதும், “ஒறச்சா தண்ணி குடிடா, தண்ணி குடிக்கவும் நான் பாடம் எடுக்க முடியாது” என்று அவர் பதிலுக்குக் கத்துவதும் என் வகுப்பு வரைக்கும் கேட்கும்.

அவரைப் பற்றிச் சொல்ல எத்தனையோ இருக்கின்றன. நான் பெரும்பாலும் ஒரு பூனையைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். அவர் எப்படிப்பட்டவர் என்பதை ஒரே இடத்தில் காட்டு என்று யாராவது கேட்டால், நான் காட்டக்கூடிய இடம் அதுதான்.

முதலில் தேன்மொழியின் கதை. நான்காம் ஆண்டு மாணவி. விளையாட்டுப் போட்டிக்கான பயிற்சி நாள்களில் இரண்டு சுற்று ஓடியதும் உட்கார்ந்துவிடுவாள். ஓடச் சோம்பல் என்று நான் நினைத்தேன். ஒருநாள், “எல்லாருக்கும்தான் மூச்சு வாங்குகிறது, எழுந்திரு” என்று அதட்டினேன். சிற்றுண்டிச் சாலையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தார் பாக்கியம் அக்கா.

“டீச்சர், அந்தப் புள்ளய ஓட விடாதீங்க. தோளப் பாருங்க.”

பார்த்தேன். தேன்மொழி இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் அவளுடைய தோள்கள் மேலே ஏறி இறங்கின.

“மூச்ச நெஞ்சால வாங்கணும் டீச்சர். தோளால வாங்குனா உள்ள ஏதோ அடைச்சிருக்குன்னு அர்த்தம்.”

அன்று மாலையே அவளைக் கிளினிக்குக்குக் கொண்டு போனார்கள். ஆஸ்துமா. தேன்மொழி இப்போது வங்கியில் வேலை செய்கிறாள். அக்காவின் இறுதிச் சடங்குக்கு வந்து, கைப்பையைத் திறந்து, நீல நிற மருந்துக் குழலை எனக்குக் காட்டி அழுதாள்.

நான் ஓய்வு பெற்ற பிறகு, புக்கிட் காத்திலில் உள்ள தாமான் குடியிருப்பில் அக்காவின் பக்கத்து வீடு விலைக்கு வந்தது. வாங்கச் சொன்னவர் அவர்தான். என் கணவர் காலமாகி, மகன் ஜொகூருக்குப் போய்விட்ட சமயம் அது. “தனியா இருக்குறதுன்னா எம் பக்கத்துல தனியா இருங்க” என்றார். எங்கள் இரண்டு வீட்டுப் பின்புறத்துக்கும் நடுவே இடுப்பளவு கம்பி வேலி ஒன்றுதான். பத்து ஆண்டுகளில் நாங்கள் பேசிய பேச்சில் பாதி அந்த வேலிக்கு மேலேதான் போய் வந்தது.

எங்கள் வரிசையில் வெள்ளிக்கிழமை மாலை ஆறரை மணிக்குக் கடிகாரம் தேவைப்படாது. பாக்கியம் அக்கா தூபக்காலில் கொட்டாங்குச்சிக் கரியைக் கனியவைத்து, சாம்பிராணியைத் தூவி, முதலில் தம் வீடு முழுக்கக் காட்டுவார். பிறகு வாசலைத் தாண்டி என் வீடு, அடுத்து தேவகியின் வீடு, அதற்கடுத்த இரண்டு வீடுகள் என்று ஐந்து வீட்டுக்கும் புகை காட்டிவிட்டுத் திரும்புவார். யாரும் கேட்டு அவர் செய்யவில்லை. யாரும் வேண்டாம் என்றும் சொன்னதில்லை. துணி காயப் போட்டிருப்பவர்கள் மட்டும் அவசரமாக உள்ளே எடுப்பார்கள்.

அந்தப் புகையை முதலில் தொடங்கியவர் அவர் கணவர் கதிர்வேலு அண்ணன். சுங்கை ஊடாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து டேங்கர் லோரி ஓட்டியவர். அங்கே வாசலில் காவல் நிற்கும் கார்டு நெருப்புப் பெட்டியை வாங்கி வைத்துக்கொள்வாராம். வாரமெல்லாம் ஒரு தீக்குச்சி கூட உரசக்கூடாத இடத்தில் வேலை பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்து குளித்ததும், அவரே கரியை மூட்டுவார். “இந்த ஒரு நெருப்புத்தான் எனக்குச் சொந்தம்” என்பாராம். அவர் மறைந்த வாரமும் அக்கா புகை காட்டினார். அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமையும் தவறவில்லை. காய்ச்சலில் படுத்திருந்தபோதும் செல்வியை வரவழைத்துக் காட்டச் செய்தார். புகை அண்ணனின் படத்துக்கு முன்னால் சற்று நேரம் நிற்கும். அந்த நேரத்தில் யாரும் அக்காவைக் கூப்பிட மாட்டோம்.

இந்த வீட்டுக்குள்தான் கிச்சாப் வந்தது.

பசாரில் மீன் கடைக்குப் பின்னால் கிடந்த குட்டி. உள்ளங்கை அளவு. நாங்கள் கிச்சாப் என்று சொல்லும் அடர்ந்த சோயா சாற்றின் நிறம். இருபது ஆண்டு சமையலறையில் நின்றவர் வேறு என்ன பெயர் வைப்பார்? “கிச்சாப்பு” என்றார். நான் மேசையில் கிச்சாப் புட்டியைத் தேடினேன். “அது இல்ல டீச்சர், இது” என்று முந்தானைக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினார்.

ஆறு மாதத்தில் அது வீட்டை ஆண்டது. அதன் விளையாட்டுச் சாமான் பொட்டலம் கட்டும் இளஞ்சிவப்பு ராஃபியா கயிறு. அக்கா கயிற்றை நாற்காலிக் காலுக்குப் பின்னால் இழுப்பார். அது தரையோடு தரையாகப் பதுங்கி, பின்பக்கத்தை ஆட்டிவிட்டுப் பாயும். மாலையில் தாமான் பிள்ளைகள் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள்.

ஏழாம் மாதம் இருக்கும். ஒருநாள் கயிற்றைத் துரத்திக்கொண்டிருந்த கிச்சாப் நடுவில் நின்றது. வாயைத் திறந்து, நாக்கைக் காட்டி, நாய் இரைப்பதுபோல இரைத்தது. பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. தேவகியின் மகள் அதைப் படம் பிடித்து, ‘சிரிக்கும் பூனை’ என்று தாமானின் புலனக் குழுவில், அதாவது வாட்ஸ்அப்பில், போட்டுவிட்டாள். எல்லாரும் சிரித்த முகங்களை அனுப்பினார்கள். நானும் ஒன்று அனுப்பினேன். அதை இன்றும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். என் தவறு எனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக.

அக்கா அன்றே வேலியோரம் வந்து கேட்டார். நான் வாழ்நாளெல்லாம் எடுத்துக்காட்டுச் சொல்லியே பழகியவள். உடனே ஒன்று சொன்னேன்.

“உடற்கல்வி முடிந்து வகுப்புக்கு வரும் பிள்ளைகளைப் பார்த்ததில்லையா அக்கா? ஐந்து நிமிடம் மூச்சு வாங்கும், பிறகு சரியாகிவிடும். அதுபோலத்தான்.”

அவர் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“இல்ல டீச்சர். புள்ளைங்க ஓடி வந்தா நேரா தண்ணிப் பானைகிட்டதான் வரும். எங்கிட்டதான வரும்? எனக்குத் தெரியாதா? இது தண்ணிகிட்டயே போவல. கழுத்த நீட்டிக்கிட்டு அப்படியே உக்காந்துருக்கு. பூனைக்கு ஏது தோளு, இருந்தா பாத்துருவேன்.”

ஓர் எடுத்துக்காட்டு எங்கே பொருந்தவில்லை என்று கண்டுபிடிக்கும் மாணவர் ஆயிரத்தில் ஒருவர்தான் கிடைப்பார். எனக்கு அந்த மாணவர், தம் அறுபத்தெட்டாம் வயதில், வேலிக்கு அந்தப் பக்கம் கிடைத்தார். நான்தான் கவனிக்கவில்லை. “பயப்படாதீர்கள்” என்று சொல்லி உள்ளே போய்விட்டேன்.

பிறகு அது அடிக்கடி வந்தது. விளையாடும்போதெல்லாம் வந்தது. சில நாள் குனிந்து, கழுத்தை நீட்டி, வறட்டு இருமல் இருமியது. முடி உருண்டையைக் கக்கப் பார்க்கிறது என்றார் ஒருவர். வரிசையில் எல்லாரும் ஒரு மனதாகச் சொன்னது வேறொன்று.

“கண்ணுதான் பாக்கியம்க்கா,” என்றாள் தேவகி. “அத்தன புள்ளைங்க நின்னு பாக்குது. அதுவும் வீடியோல வேற போட்டாச்சு. ஊரு கண்ணு பூரா பட்டிருக்கும்லா.”

“போட்டது ஓம் மகதான்டி.”

“அதான் சொல்றேன், சுத்திப் போடுங்க.”

அக்கா சுற்றிப் போட்டார். உப்பும் மிளகாயும் நெருப்பில் வெடித்தன. அதோடு வெள்ளிக்கிழமைப் புகை போதாது என்று செவ்வாய்க்கிழமையும் சேர்த்துக்கொண்டார். தூபக்காலைப் பூனையின் முகத்துக்கு நேராகவே மூன்று முறை சுற்றிக் காட்டினார். கிச்சாப் தும்மியது. “பாத்தீங்களா, கண்ணு கழியுது” என்றோம். இரண்டு வாரத்தில் அது கயிற்றைக் கண்டால் எழுந்து வருவதைக்கூட நிறுத்திவிட்டது. படுத்தபடியே ஒரு காலால் தட்டும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

கடைவரிசையில் இருந்த கால்நடை மருத்துவரிடம் போனோம். இளம் மலாய்ப் பெண். கிச்சாப்பைத் தொடுவதற்கு முன்னால், மூச்சு வாங்கும்போது எடுத்த படம் இருக்கிறதா என்று கேட்டார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ‘சிரிக்கும் பூனை’யை எடுத்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. இரண்டு முறை பார்த்தார். நாய் வாயைத் திறந்து இரைப்பது இயல்பு, பூனை அப்படியல்ல. குட்டி மிகவும் ஓடியாடினால் ஒருமுறை நேரலாம், மீண்டும் மீண்டும் நேர்ந்தால் இதயமோ நுரையீரலோ உதவி கேட்கிறது என்று பொருள் என்று மலாயில் பொறுமையாகச் சொன்னார். இதயத்தைக் கேட்டார். நெஞ்சை எக்ஸ்ரே படம் எடுத்தார். கடைசியில், மூச்சுக்குழாய்கள் வீங்கிச் சுருங்கியிருக்கின்றன, மனிதர்களுக்கு வரும் ஆஸ்துமா போலத்தான் என்றார். பிறகு அக்காவைப் பார்த்து, பெரியம்மா என்று அழைக்கும் மரியாதையோடு, “மக்சிக், வீட்டில் யாராவது சிகரெட் பிடிப்பார்களா?” என்றார்.

“யாருமில்ல.”

“கொசுவத்தி? ஊதுவத்தி? கெமெனியான்?”

கெமெனியான் என்பது சாம்பிராணிக்கு மலாய்ப் பெயர்.  பாக்கியம் அக்கா தம் முந்தானையை எடுத்து முகர்ந்து பார்த்ததை நான் பார்த்தேன். அதில் அந்த வாசம் எப்போதும் இருக்கும். நமக்கெல்லாம் அது அக்காவின் வாசம்.

வீடு திரும்பும் வழியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “அந்தப் புகைய நான்தான் அதுக்கு ஊட்டி விட்டேனா டீச்சர்?”

“நாம் எல்லாரும்” என்றேன். அது உண்மை.

செவ்வாய்ப் புகையை அன்றே நிறுத்திவிட்டார். வெள்ளிக்கிழமையை விட முடியவில்லை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அது அண்ணனோடு அவருக்கு இருந்த கடைசிப் பேச்சு. ஒரு பூனைக்காக அதை நிறுத்து என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. ஒரு வழி கண்டுபிடித்தோம். வெள்ளிக்கிழமை மாலை கிச்சாப் என் வீட்டில் தங்கும். என் வீட்டுக்கு அக்கா புகை கொண்டுவர மாட்டார். சனிக்கிழமை காலை, வீடு ஆறிய பிறகு திரும்பிப் போகும். நல்ல திட்டம்போலத்தான் இருந்தது.

மூன்றாவது சனிக்கிழமை. காலை எட்டு மணிக்குக் கிச்சாப் வேலியைத் தாண்டி வீட்டுக்கு ஓடியது. நேராகப் போய் அண்ணனின் படத்துக்குக் கீழே தொங்கும் திரைச்சீலையில் முகத்தைத் தேய்த்தது. இரவு முழுக்க என் வீட்டில் அடைந்து கிடந்த உற்சாகம். கயிற்றைக் கவ்விக்கொண்டு வந்து அக்காவின் காலடியில் போட்டது. வெகு நாளைக்குப் பிறகு அது தானாக விளையாடக் கேட்டதால் அக்கா மகிழ்ந்து இழுத்தார். இரண்டு பாய்ச்சல். மூன்றாவதில் அது தரையில் பதிந்துவிட்டது.

அவர் கூப்பிட்ட குரலில் நான் வேலியை எப்படித் தாண்டினேன் என்று தெரியவில்லை. எனக்கு அப்போது வயது அறுபத்திரண்டு. கிச்சாப் முழங்கைகளை விரித்துக் குந்தியிருந்தது. வாய் திறந்திருந்தது. வயிறு உள்ளே இழுத்து இழுத்து அடித்தது. ஈறு சாம்பல் நிறமாகிவிட்டிருந்தது.

“தோளு டீச்சர்,” என்றார் அக்கா. “பூனைக்கும் தோளு இருக்கு.”

துணிக்கூடையில் வைத்துக்கொண்டு அவர் பின் இருக்கையில் ஏறினார். நான் காரை ஓட்டினேன். சமிக்ஞை விளக்கில் நின்றபோது, நிமிடத்துக்கு எத்தனை என்று எண்ணச் சொன்னேன். மருத்துவர் கேட்பார் என்று தோன்றியது. “எண்ண மாட்டேன், எண்ணுனா பயமா இருக்கு, நீங்க ஓட்டுங்க” என்றார். வழி நெடுக அதன் காதருகே குனிந்து, “தோளால வாங்காதடா, நெஞ்சால வாங்குடா, நெஞ்சால வாங்கு” என்று சொல்லிக்கொண்டே வந்தார். கண்ணாடியில் பார்த்தேன். அவருடைய தோள்கள்தான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

அங்கே கிச்சாப்பை உயிர்வாயு நிரம்பிய கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். ஊசி போட்டார்கள். இரண்டு மணி நேரம் கண்ணாடிக்கு வெளியே நின்றோம். அக்கா உட்காரவில்லை. மருத்துவர் வந்து, புகை திரைச்சீலையிலும் மெத்தையிலும் தங்கியிருக்கும், ஓர் இரவு வெளியே வைத்தால் போதாது என்று சொன்னபோது தலையை மட்டும் ஆட்டினார். பெட்டிக்குள் கிச்சாப் வாயை மூடியது. அதைப் பார்த்த பிறகுதான் பேசினார்.

“அவரு வேல செஞ்ச எடத்துல நெருப்புப் பெட்டிய கேட்டுலயே வாங்கி வச்சிருவாங்க. ஏன்னு அவரு ஒரு நாளும் கேட்டதில்ல. உள்ள இருக்குறது அப்படிப்பட்ட சாமான். இனிமே எங்க வீடும் அப்படித்தான்னு நெனச்சுக்குறேன்.” கொஞ்சம் நிறுத்திச் சொன்னார்: “கிச்சாப்புத்தான் கார்டு.”

அந்த வாரம் திரைச்சீலை, மெத்தை உறை, புடவை எல்லாவற்றையும் துவைத்தோம். சுவரைக்கூடத் துடைத்தோம். துடைத்த துணி பழுப்பாக வந்தது. இத்தனை வருட வெள்ளிக்கிழமைகள் அந்த நீரில் கரைந்து போவதை அவர் வாளியருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் அடுத்த வாளியை நிரப்பினேன். 

அடுத்த வெள்ளிக்கிழமை ஆறரைக்கு வாசலுக்கு வந்து உட்கார்ந்தேன். வரிசை வெறிச்சென்று இருந்தது. தேவகி பழக்கத்தில் துணிகளை எடுத்து உள்ளே வைத்தாள். அப்போது பாக்கியம் அக்கா கதவைத் திறந்துகொண்டு வந்தார், கையில் தூபக்காலோடு.

அதில் நெருப்பு இல்லை. மணக்கும் பண்டான் இலையை இழை இழையாக நறுக்கி, மல்லிகையும் கொஞ்சம் எலுமிச்சைத் தோலும் கலந்து நிரப்பியிருந்தார். மலாய்க்காரர் கல்யாணத்தில் கொடுக்கும் மணப்பூவைப் பார்த்துக் கற்றுக்கொண்டதாம். வழக்கம்போலத் தம் வீடு முழுக்கக் காட்டிவிட்டு என் வீட்டுக்கு வந்தார். புகை காட்டுவதுபோலவே தூபக்காலை மெல்ல ஆட்டி ஆட்டி மூலை முடுக்கெல்லாம் காட்டினார்.

“பாக்கியம்க்கா, நெருப்பில்லாத சாம்பிராணியா? சாமி ஏத்துக்குமா?” என்று தேவகி சிரித்தாள்.

“ஏன், சாமிக்கு சளியா புடிச்சிருக்கு? மூக்கு நல்லாத்தான் இருக்கும். நீ மூச்ச இழு.”

ஐந்து வீட்டிலும் அன்று இழுத்து இழுத்து மூச்சு வாங்கினோம். அண்ணனின் படத்துக்கு முன்னால் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அங்கே வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றார் என்பது மட்டும் தெரியும்.

அதற்குப் பிறகு வந்தது எங்கள் எண்ணும் காலம். தூங்கும்போது மூச்சு நிமிடத்துக்கு முப்பதுக்குள் இருக்க வேண்டும், கூடிக்கொண்டே போனால் உடனே வாருங்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மூச்சை எண்ணிப் பாருங்கள், எளிது என்று தோன்றும். ஒரு கண் பூனையின் விலாவில் இருக்க வேண்டும், மறு கண் கடிகாரத்தில். ஆகவே இருவர் வேண்டியிருந்தது. நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, “தொடங்கலாம்” என்பேன். அவர் கட்டை விரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ணுவார். ஒரு கைக்குப் பன்னிரண்டு கணு. இரண்டு சுற்றும் இரண்டும் என்றால் இருபத்தாறு. அறுபது நொடி ஆனதும், “போதும், நிறுத்துங்கள்” என்பேன்.

“டீச்சர், பரீட்சை நடத்துறீங்களா? பேனாவ கீழ வைக்கணுமா?”

“சத்தம் போடாதீர்கள், மாணவர் விழித்துக்கொள்வார்.”

விளையாட்டை நாங்கள் விடவில்லை. விளையாடாத பூனை என்ன பூனை என்றார் அக்கா. ஆனால் நேரம் குறித்தார். கயிற்றை ஐந்தாறு முறை இழுத்ததும், மூச்சு ஏறுவதற்கு முன்பே, “ரெஹாட் முடிஞ்சிருச்சு! எல்லாம் வகுப்புக்குப் போங்க!” என்று பள்ளி இடைவேளையை முடித்து வைக்கும் குரலில் கத்திவிட்டுக் கயிற்றை இடுப்பில் செருகிக்கொள்வார். கிச்சாப் ஏமாந்து அவர் இடுப்பையே பார்த்துக்கொண்டிருக்கும். காலையும் மாலையும் சிறு முகமூடி பொருத்திய குழலில் மருந்து. முதல் வாரம் எங்கள் இருவர் கையிலும் கீறல். பிறகு முகமூடியைக் கண்டால் தானே வந்து உட்காரப் பழகியது. அக்கா தேன்மொழியிடம் கேட்டு, எத்தனை மூச்சுக்கு முகமூடியைப் பிடிக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னதைச் சரிபார்த்துக்கொண்டார். அவருக்கு எதையும் இரண்டு பேரிடம் கேட்க வேண்டும். சம்பலில் உப்புக்கூட அப்படித்தான்.

செல்விக்கு இரண்டாவது பிள்ளை பிறந்ததால் சுங்கை ஊடாங் போனார். கிளம்பும் காலையில் கிச்சாப்பை என் மடியில் வைத்துவிட்டு, கயிற்றையும் முகமூடியையும் மேசையில் வைத்தார். “ஒரு மாசந்தான். தெனமும் பத்து மணிக்குக் கூப்புடுவேன். நம்பர் மட்டும் சொல்லுங்க, கத சொல்ல வேணாம்” என்றார். வண்டி திரும்பும் வரைக்கும் கையைக் காட்டவில்லை, பூனை பயந்துவிடுமாம்.

கருமக்கிரியை பதினாறாம் நாள் அவருடைய வீட்டிலேயே நடந்தது. படையல் வைத்தாயிற்று. அண்ணன் படத்துக்குப் பக்கத்தில் அக்காவின் படம். அவருடைய தம்பி சிரம்பானிலிருந்து வந்திருந்தார். பழுத்த மனிதர், எல்லாம் முறைப்படி நடக்க வேண்டும் என்பவர். சாம்பிராணிக்குக் கரி கேட்டார்.  கிச்சாப் அந்த வீட்டை விட்டு நிரந்தரமாக என் வீட்டுக்கு வந்துவிடவில்லை. இப்போதும் ஒரு நாளைக்குப் பத்து முறை வேலியைத் தாண்டிப் போய் அந்தத் திரைச்சீலைக்குக் கீழே படுத்துக்கொள்கிறது. ஆனால் புகை வேண்டாம் என்று சொல்ல நான் யார்? பக்கத்து வீட்டுக்காரி.

“புகை போடாம என்னம்மா படையல்?” என்றார் அவர். “ஒங்கம்மா எத்தன வருசம் போட்ட புகை.”

செல்வி கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். நிதானமாகத்தான் சொன்னாள்.

“மாமா, அம்மா கடைசில அப்பாவுக்கே போடல. அவங்களுக்கு மட்டும் போட்டா ஒத்துக்குவாங்களா?”

அவர் படத்தைப் பார்த்தார். பிறகு, “அவ ஒத்துக்க மாட்டா. சின்ன வயசுலயே ஒத்துக்க மாட்டா” என்று முனகிவிட்டு உட்கார்ந்தார். தேவகி வீட்டிலிருந்து பண்டான் இலை வந்தது. செல்வி நறுக்க, நான் மல்லிகையை உதிர்க்க, தூபக்கால் நிறைந்தது. அதைத் தம்பியின் கையிலேயே கொடுத்தோம். அவர் தம் அக்காவைப் போலவே ஆட்டி ஆட்டிக் காட்டினார்.

இப்போது தூபக்கால் என்னிடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஆறரைக்கு ஐந்து வீட்டுக்கும் நான் கொண்டு போகிறேன். எனக்கு அவ்வளவு நன்றாக ஆட்ட வரவில்லை. தேவகி சிரிக்கிறாள், பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். முகமூடியும் ராஃபியா கயிறும் இருக்கின்றன. கயிற்றை நான் இழுத்தால் கிச்சாப் நான்கைந்து முறை பாய்ந்துவிட்டு நின்று, யாரோ ஏதோ சொல்வதற்குக் காத்திருப்பதுபோல என்னைப் பார்க்கிறது. எனக்கு அந்தக் குரல் வருவதில்லை. பேசாமல் கயிற்றை மடித்து வைக்கிறேன்.

எண்ணுவதற்கு இன்னொருவர் எதற்கு, கைப்பேசியில் ஒரு நிமிடம் வைத்தால் அதுவே மணியடிக்கும் என்று என் மகன் சொல்லிக் கொடுத்தான். சரிதான். நன்றாகவே மணியடிக்கிறது. நான் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, கட்டை விரலால் கணுக்களைத் தொட்டு எண்ணக் கற்றுக்கொண்டேன். அவருடைய வேலையைச் செய்கிறேன். என் வேலையைத்தான் யாரும் செய்வதில்லை. சில நாள் இரண்டாவது சுற்றின் நடுவில் எண்ணிக்கை தப்பிவிடுகிறது. சலிக்காமல் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறேன். அவசரம் ஒன்றுமில்லை, மாணவர் தூங்குகிறார்.

பத்து மணிக்கு வேலியோரம் போய் நிற்கிறேன். அந்தப் பக்கம் துணி உலர்த்தும் கொடி காலியாக இருக்கிறது. கேள்வி வராது என்று தெரிந்ததால் இரண்டு பதிலையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

இருபத்து நான்கு, அக்கா. தோள் அசையவில்லை.